கை மாற்றிய மூச்சு

சூசை மேரி காலையில் விழுப்புரத்தில் பஸ் ஏறும்போது பையில் வைக்கிற தண்ணீர் பாட்டில், சாயங்காலம் அதே அளவு தண்ணீரோடு வீடு திரும்பும். "பாட்டிலுக்கு ஊர் சுத்திக் காட்டிக்கினு வர்றியா?" என்று அவள் கணவர் ஆன்டனி கேலி செய்வார். அவளுக்கும் சிரிப்பு வரும். தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். போனால் அந்த நேரத்துக்கு வார்டில் வேறு ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் தாகத்துக்கு மட்டும் என்ன மரியாதை. அதனால் அவள் குடிப்பதில்லை.

அவள் வேலை பார்த்தது திண்டிவனத்துக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு டிரஸ்ட் நடத்திய ஆஸ்பத்திரியில். சாலையை நாலு வழியாக அகலப்படுத்தியதில் எல்லாரும் வேகமாகப் போக ஆரம்பித்தார்கள். அப்படி வேகமாகப் போனவர்களில் ஒரு பங்கு நேராக அங்கேதான் வந்து சேர்ந்தது. சாலைதான் அகலமானது. ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு பழைய அளவிலேயே இருந்தது: எட்டுக் கட்டில், மூன்று மூச்சு மிஷின், ஒரு ஷிப்டுக்கு இரண்டு நர்ஸ். மிஷினில் இருக்கிற ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. எழுதியவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்களுக்கு ஆள் கிடைத்திருக்கிறது.

அடிபட்டு வந்தவனைப் பார்ப்பது காய்ச்சல்காரனைப் பார்ப்பது போல அல்ல. தொண்டைக்குழாயில் சளி அடைக்காமல் உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கழுத்தெலும்பு உடைந்தவனைப் புரட்ட நாலு பேர் வேண்டும், இருப்பதோ இரண்டு பேர். மூடாத கண்ணுக்கு மருந்து, மார்பில் சொருகிய குழாய்க்குக் காவல், ஏறுகிற ரத்தத்துக்கும் இறங்குகிற மூத்திரத்துக்கும் கணக்கு. நடுவில் கதவைத் திறந்து, "எப்படி இருக்குது சிஸ்டர்?" என்று கேட்கிறவர்களுக்கு முகம் கொடுக்க வேண்டும். ஒருவனுக்குச் செய்துகொண்டிருக்கும்போது இன்னொருவனுக்குச் செய்யாமல் இருக்கிறோம் என்பது சூசை மேரிக்கு எப்போதும் முதுகில் உறுத்திக்கொண்டே இருக்கும். இன்னொரு நர்ஸைப் போடச் சொல்லி மேனேஜர் அந்தோணிசாமியிடம் அவள் கேட்காத மாதம் கிடையாது. அவர் கெட்ட மனிதர் இல்லை. "சேவைன்னு வந்துட்டோம் சிஸ்டர், பாப்போம்" என்பார். சேவை என்கிற சொல்லைத் தைலம் மாதிரி எல்லா வலிக்கும் தடவுகிற மனிதர்.

2008-ஆம் வருஷம் மாசி மாதம், மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்திலிருந்து மணிமாறன் என்ற இளைஞனைக் கொண்டுவந்தார்கள். மீன் கூடையைக் கட்டிய மொபெட்டில் திண்டிவனம் மார்க்கெட்டுக்கு வந்துகொண்டிருந்தவன் மேல் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய லாரி இடித்திருந்தது. தலையில் அடி, வலது பக்கம் விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன. வந்ததும் மிஷினில் போட்டார்கள். அவன் அம்மா வடிவும் மனைவி பொன்னியும் வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் இளவழகன் தன்னோடு வலை இழுக்கிற மூன்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றவன்தான், அதன்பிறகு அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

மணிமாறன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இமை அசைந்தது. மிஷின் தள்ளுகிற மூச்சுக்கு நடுவில் அவனாகவும் அவ்வப்போது ஒரு மூச்சு இழுத்தான். டாக்டர் சுப்பராயலு பார்த்துவிட்டு, வயசுப் பையன், பிழைத்துக்கொள்வான் என்று சொன்னார். சூசை மேரி அதை வராந்தாவில் போய்ச் சொன்னபோது வடிவு எழுந்து வந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு மிட்டாயை எடுத்து அவள் கையில் வைத்து மூடினாள். அந்தக் குடும்பத்தின் மேல் சூசை மேரிக்குத் தனியாக ஒரு பிடிப்பு விழுந்தது அப்போதுதான்.

மறுநாள் பகலில் விக்கிரவாண்டி தாண்டி ஒரு பஸ்ஸும் வேனும் மோதிக்கொண்டன. வந்தவர்களில் ஒருவருக்கு மூச்சு அறவே இல்லை. மூன்று மிஷினிலும் ஆள். சுப்பராயலு ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துவிட்டு மணிமாறன் பக்கத்தில் வந்து நின்றார். இவனுக்குத்தான் கொஞ்சம் தானாக மூச்சு வருகிறது, இவனைக் கழற்றலாம், புதுச்சேரியில் இருக்கிற நம் டிரஸ்டின் இன்னொரு ஆஸ்பத்திரியில் மிஷின் கேட்டிருக்கிறேன், வண்டியில் ஏற்றிவிட்டார்கள், அது வரும்வரை கையால் அமுக்கிச் சமாளியுங்கள் என்றார். வேறு யார் அந்த இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். சொல்லிவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினார்.

கையால் அமுக்குவது என்றால் ஆம்பு பேக். தொண்டைக்குழாயோடு மாட்டுகிற ஒரு ரப்பர் பை. அமுக்கினால் காற்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். செய்வது சுலபம், ஆனால் நிறுத்தக் கூடாது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நர்ஸ் நின்றுவிட்டால் மற்ற ஏழு கட்டிலுக்கும் மிச்சம் ஒருத்திதான். சின்ன நர்ஸ் ஜெர்லின் சூசை மேரியைப் பார்த்தாள். சூசை மேரி கதவைப் பார்த்தாள். இப்படிப்பட்ட நேரத்தில் அந்த ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்களோ அதையே அவளும் செய்தாள். சொந்தக்காரர்களை உள்ளே கூப்பிட்டாள்.

இளவழகனும் மூன்று ஆட்களும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க அவளுக்குக் கிடைத்தது அரை நிமிஷம். எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்கிறதைத்தான் சொன்னாள்.

"உன் மூச்சோட அமுக்கு தம்பி. நீ மூச்சு இழுக்கும்போது அமுக்கு, நீ விடும்போது விட்டுடு. கை வலிச்சா அடுத்த ஆளுகிட்ட குடு. நிறுத்தக் கூடாது, அவ்ளோதான்."

இதற்கு முன் எத்தனையோ பேருக்குச் சொன்ன பாடம் அது. கொத்தனாருக்கும் வாத்தியாருக்கும் கல்லூரிப் பெண்ணுக்கும் சரியாக வந்திருக்கிறது. பயந்துபோய் இருப்பவர்கள் அவளையே ஒரு தரம் பார்த்துக்கொள்வார்கள், அவள் தலையசைப்பாள், அவர்கள் மூச்சு நிதானத்துக்கு வந்துவிடும். ஆனால் இவர்கள் அவளைப் பார்க்கவே இல்லை. வரிசையாக நின்றார்கள். இளவழகன் அமுக்கினான். அவன் விரல் தளர்வதற்குள் அடுத்தவன் கை பைக்கு அடியில் வந்துவிட்டது. கரையில் நின்று இழுக்கிற கரைவலையில் கயிறு கை மாறுவது அப்படித்தான். ஒருவன் விடுவதும் இன்னொருவன் பிடிப்பதும் பார்க்கிறவனுக்குத் தெரியாது. இழுவை நிற்காது. சூசை மேரி இரண்டு சுற்று நின்று பார்த்தாள். மனசுக்குள் ஒரு பாரம் இறங்கியது. இத்தனை நேர்த்தியாகக் கை மாற்றிக்கொண்டவர்களை அவள் அதுவரை பார்த்ததில்லை. இனி இந்தக் கட்டிலை மறந்துவிடலாம் என்று நினைத்தாள், மறந்தும் போனாள்.

வேன் டிரைவருக்குத் தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்திருந்தது. சூசை மேரி இரண்டு கையையும் சேர்த்து அங்கே அழுத்திக்கொண்டு நின்றாள். தியேட்டரில் இடம் கிடைக்கும்வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கையை எடுத்தால் அவன் போய்விடுவான். ஜெர்லின் அந்தப் பக்கம் மூச்சில்லாமல் வந்தவரோடு போராடிக்கொண்டிருந்தாள். அப்போது வாசலில் வார்டு ஆயா பவானி எட்டிப் பார்த்து, மிஷின் வண்டி திண்டிவனம் வந்துவிட்டதாம், இதோ வந்துவிடும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

நல்ல செய்திதான். கரைவலை இழுத்து வளர்ந்தவர்களுக்கு அந்த மாதிரிச் செய்தி காதில் விழுந்தால் உடம்பு என்ன செய்யும் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. மீன் சேருகிற வலையின் மடி தூரத்தில் இருக்கிறவரை நிதானமாக இழுப்பார்கள். மடி கரைக்குக் கிட்டே வந்ததும் வேகம் பிடிப்பார்கள். அந்த நேரத்தில் தளர்ந்தால் மீன் துள்ளி வெளியே போய்விடும், அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். அது யாரும் சொல்லித் தருவதில்லை, உடம்பில் ஊறிப் போனது. மூச்சும் கயிறும் ஒன்றாகவே ஓடும்.

சூசை மேரிக்கு முதலில் சத்தம்தான் கேட்டது. ரப்பர் பை அமுங்கி விரிகிற சத்தம், நெருக்கமாக, இன்னும் நெருக்கமாக. திரும்பிப் பார்த்தாள். நாலு பேரும் குனிந்திருந்தார்கள். அடித்தொண்டையில் ஏதோ ஒரு முனகல், எல்லாருக்கும் ஒன்றாக. அவள் சொன்னபடியேதான் செய்தார்கள், தங்கள் மூச்சோடு அமுக்கினார்கள். அந்த மூச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போன காற்று வெளியே வருவதற்குள் அடுத்தது போனது. நொறுங்கிய விலாவுக்குப் பின்னால் இருக்கிற நுரையீரல் அதை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"மெதுவா" என்று கத்தினாள். உறிஞ்சும் மோட்டாரின் இரைச்சலும் வராந்தா அழுகையும் அதை விழுங்கிவிட்டன. மறுபடி கத்தினாள். யாரும் நிமிரவில்லை. அவள் நின்ற இடத்துக்கும் அந்தக் கட்டிலுக்கும் நடுவில் ஏழெட்டு அடிதான் இருக்கும். அவள் விரலுக்கு அடியில் டிரைவரின் ரத்தம் துடித்தது. எடுக்கட்டுமா என்று தன்னையே கேட்டாள். எடுக்கவில்லை. ஜெர்லினைக் கூப்பிட்டாள். ஜெர்லின் கையை விடுவித்துக்கொண்டு அந்தக் கட்டிலுக்கு ஓடியபோது மணிமாறனின் மார்பு ஒரு பக்கமாக உப்பி நின்றது, உதடு நீலம் பாரித்திருந்தது. சுப்பராயலு தியேட்டரிலிருந்து பறந்து வந்து மார்பில் ஊசி குத்தி, கிழிந்த நுரையீரலிலிருந்து கசிந்து அடைத்திருந்த காற்றை வெளியே விட்டார். இதயத்தை அழுத்திப் பார்த்தார். புது மிஷினைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் கதவுக்குள் நுழைந்தபோது அவர் கையை எடுத்துவிட்டிருந்தார்.

தலையில் அடி, மார்பில் அடி, நம்மால் ஆனதைச் செய்தோம் என்று அவர் வராந்தாவில் சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை. வடிவு தரையில் சாய்ந்துவிட்டாள். பொன்னி அழவே இல்லை. மிஷினை ஏன் உள்ளே கொண்டு போகிறார்கள் என்று மட்டும் பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உடம்பை எடுக்கும்போது இளவழகன் சூசை மேரியைத் தேடி வந்தான். அவள் கையெல்லாம் டிரைவரின் ரத்தம் காய்ந்திருந்தது. அவன் கும்பிட்டான்.

"கை மாத்திக் கை மாத்தி அமுக்கினோம் சிஸ்டர். ஒரு மூச்சுகூட விட்டுப்போவல. இல்ல?"

"இல்ல தம்பி" என்றாள் அவள். "ஒண்ணுகூட விடல."

அது உண்மைதான். உண்மையைச் சொல்லியே ஒருவரை ஏமாற்ற முடியும் என்பதை அவள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. அந்தத் தெளிவோடு தம்பியைத் தூக்கிக்கொண்டு போனான். வேன் டிரைவர் பிழைத்தான். வீட்டுக்குப் போகிற அன்று, அவன் பெண்டாட்டி சூசை மேரியின் காலில் விழப் போனாள். அவள் பதறிப்போய்ப் பின்வாங்கியதைப் பார்த்து, எவ்வளவு அடக்கமான சிஸ்டர் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் உட்கார்ந்தால், மடியில் இருக்கிற பையை அவள் கை தானாக அமுக்கி அமுக்கி விடும். மெதுவாக, சரியான வேகத்தில். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தால்தான் அவளுக்குத் தெரியும். ஆன்டனியிடம் சொன்னாள். நீ ஒருத்தி எத்தனை இடத்தில் நிற்க முடியும் என்று அவர் கேட்டார். அவள் மனசு அந்தப் பதிலில் நிற்கவில்லை. டாக்டரிடமும் சொன்னாள். அவர், அதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது சிஸ்டர் என்றார். அந்தோணிசாமியிடம் சொல்லலாமா என்று அவள் பலமுறை அவர் அறை வாசல்வரை போனாள். சொன்னால் அவர் என்ன சொல்வார் என்பது அவளுக்கு அத்துப்படி. ஐயோ பாவம், சொந்தக்காரங்களே தப்பா அமுக்கிட்டாங்களா என்பார். அந்தப் பேச்சு வராந்தாவில் இறங்கும். பஸ் ஏறும். மரக்காணம் போய்ச் சேரும். இளவழகன் தன் கையாலேயே தம்பியைக் கொன்றவன் ஆகிவிடுவான். அதை நினைத்ததும் வாசலிலிருந்தே திரும்பிவிடுவாள்.

அவள் வாயை மூடிக்கொண்டதற்கு வேறொரு விளைவும் வந்தது. நாலு மீனவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று கடைசிவரை மூச்சு கொடுத்தார்கள் என்ற கதை டிரஸ்ட் கூட்டம்வரை போய், அங்கே இருந்தவர்கள் கண் கலங்கினார்களாம். அடுத்த மாதம் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு போர்டு தொங்கியது. ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு சொந்தக்காரர்கள் எப்போதும் கூட இருக்க வேண்டும், நர்சுகள் அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். "குடும்பமே சேந்து சேவை செய்யறப்ப புது ஆள் எதுக்கு சிஸ்டர்?" என்று அந்தோணிசாமி சந்தோஷமாகக் கேட்டார். சூசை மேரி அந்தப் போர்டைப் பார்த்தபடி நின்றாள். தான் உண்மையைச் சொல்லாமல் விட்டதுதான் இப்படிப் போர்டாகத் தொங்குகிறது என்று அவளுக்குப் பட்டது. இன்னொரு வீட்டுப் பிள்ளை இதே மாதிரிப் போனால் அதற்கு யார் பொறுப்பு?

சித்திரை பிறந்து சில நாள் கழித்து இளவழகன் வந்தான். கருமாதி முடிந்து மொட்டைத் தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. கடல் கலங்கிக் கிடக்கிறது, வலை இறங்கவில்லை, சும்மா உட்கார்ந்தால் தம்பி ஞாபகம் வருகிறது, அதனால் இங்கே யாருமில்லாதவர்களுக்கு நானே வந்து அமுக்குகிறேன் என்றான். அந்தோணிசாமி எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே கூட்டி வந்து சூசை மேரியிடம் காட்டி, "பாருங்க சிஸ்டர், இவருக்கு நீங்க சொல்லியே குடுக்க வேணாம்" என்றார்.

முதல் இரண்டு நாளும் அவன் நன்றாகத்தான் செய்தான். சூசை மேரி கண் அவன் மேலேயே இருந்தது. தினமும் வீட்டில் புறப்படும்போது இன்று சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்வாள். அவன் மீன் கொண்டுவந்து ஜெர்லினிடம் கொடுப்பதையும், வராந்தாவில் அழுகிறவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கவலப்படாதீங்க, நாங்க உட மாட்டோம்" என்று சொல்வதையும் பார்த்ததும் சொல்லாமலே அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். அவனுக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் பிடுங்குவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள், வானூர்ப் பக்கம் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த கெங்கம்மாள் என்ற சித்தாளைக் கொண்டுவந்தார்கள். விலா உடைந்திருந்தது. மிஷின் காலி இல்லை. கூட வந்த கணவனுக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. இளவழகன் யாரும் சொல்லாமலே போய் ஆம்பு பேக்கைக் கையில் எடுத்தான். சூசை மேரி எதிர்க் கட்டிலில் ஒருவருக்குச் சளி உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கெங்கம்மாளைப் புதுச்சேரிக்கு அனுப்ப ஏற்பாடு நடந்தது. கொஞ்ச நேரத்தில் பவானி எட்டிப் பார்த்து, வண்டி கேட்டுக்கு வந்துவிட்டது என்றாள்.

சூசை மேரி திரும்பவே இல்லை. திரும்பத் தேவையும் இருக்கவில்லை. பையின் சத்தம் மாறியதை அவள் முதுகே கேட்டது. மெல்ல நெருங்கியது, பிறகு வேகம் பிடித்தது. ஜெர்லினிடம் குழாயைத் திணித்துவிட்டு அவள் போனாள். இளவழகன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் மணிக்கட்டை விடவில்லை. அவனுடைய இன்னொரு கையை எடுத்துக் கெங்கம்மாளின் மார்பில் வைத்தாள். தன் கையாலேயே அவன் கையை அமுக்க வைத்தாள். மார்பு ஏறியது. அடுத்ததற்கு அவன் விரல் துடித்தது, அவள் விடவில்லை. மார்பு இறங்கிக்கொண்டே இருந்தது. அவன் நினைத்ததைவிட வெகுநேரம் இறங்கியது. முழுக்க இறங்கிய பிறகு அவள் பிடியைத் தளர்த்தினாள்.

"நெஞ்சு எறங்கி முடிக்கட்டும். அப்புறம்தான் அடுத்தது. உன் மூச்சைப் பார்க்காத, இவங்க நெஞ்சைப் பாரு."

அவன் அப்படியே செய்தான். ஒன்று. இன்னொன்று. நாலைந்து மூச்சு போயிருக்கும். அவன் முகம் மெதுவாக மாறியது. அந்த முகம் என்ன யோசிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஓடிவிடலாம் போல இருந்தது. கையை மட்டும் எடுக்காமல் நின்றாள்.

"அன்னிக்கும் வண்டி வந்துடுச்சின்னு சொன்னாங்க" என்றான் அவன். குரல் தாழ்ந்திருந்தது. "நாங்க ஜல்தியா அமுக்கினோம் சிஸ்டர்."

"ஆமா தம்பி."

"அதுலதான் போனானா?"

டாக்டர் சொன்ன பதில் அவள் வாயில் தயாராக இருந்தது. அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவன் மணிக்கட்டு அவள் கைக்குள் இருந்தபோது அதைச் சொல்ல முடியவில்லை.

"அதுலதான்னு நெனைக்கிறேன்" என்றாள். "நான் பார்த்துக்கினுதான் இருந்தேன். கத்தினேன், உங்களுக்குக் கேக்கல. இன்னொருத்தர் ரத்தத்தைப் புடிச்சிக்கினு இருந்தேன், வர முடியல. நான் சொல்லிக் குடுத்ததும் தப்பு. அது உங்க வேலையே இல்ல, எங்க வேலை."

அவன் கண்ணிலிருந்து நீர் இறங்கி மீசை வழியாக வழிந்தது. துடைக்கக் கை இல்லை. ஒரு கை பையில், ஒரு கை மார்பில். அவன் மாரில் அடித்துக்கொண்டு அழுதிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் அமுக்கினான். மார்பு இறங்குகிறவரை காத்திருந்தான். மறுபடி அமுக்கினான்.

"அன்னிக்கு என் கைய யாரும் புடிக்கலியே சிஸ்டர்" என்றான்.

அவளுக்கும் அழுகை வந்தது. எதிர்க் கட்டிலில் அலாரம் அடித்தது. ஜெர்லின், "அக்கா, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டாள். சூசை மேரி அசையவில்லை. இந்தக் கட்டிலை விட்டு இன்னொரு முறை போகக் கூடாது என்று அவளுக்கு இருந்தது. ஜெர்லின் மறுபடியும் கூப்பிட்டாள். இப்போது குரலில் பயம்.

"அந்த போர்டுல எங்களப் பத்தித்தான எழுதி வச்சிருக்காங்க" என்றான் இளவழகன், மார்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லுங்க. நான்தான் அமுக்கினேன்னே சொல்லுங்க, பரவாயில்ல. ஊருக்குத் தெரிஞ்சாலும் தெரியட்டும். இத்த இன்னொருத்தன் கையில மட்டும் குடுக்க வேணாம்னு சொல்லுங்க."

"சொல்றேன் தம்பி."

"அங்க கூப்புடறாங்க. போங்க. வண்டிக்காரங்க வர்றவரைக்கும் நான் பாத்துக்கறேன்."

அவள் அவன் மணிக்கட்டை விட்டாள். எதிர்க் கட்டிலுக்குப் போய்க் குழாயை வாங்கிக்கொண்டாள். பின்னால் பையின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, மெதுவாக, ஒவ்வொன்றும் முழுசாக. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வண்டிக்காரர்கள் கதவுக்குள் வந்தார்கள். அந்தச் சத்தம் மாறவில்லை.